தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் முட்டைச் சட்டம்

தென் மாநிலங்கள் மூன்று, இரண்டரை ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பண்டத்துக்குத் தடை விதித்தன. பச்சை முட்டையைக் கடைந்து தயாரிக்கப்படும் மயோனைஸ்தான் அந்தப் பண்டம். 2023 ஜனவரியில் கேரளம் தடை விதித்தது. 2024 அக்டோபர் இறுதியில், ஹைதராபாதில் சாலையோரக் கடையில் மொமோவும் மயோனைஸும் சாப்பிட்ட பலர் நோயுற்று, ஒரு பெண் உயிரிழந்த நிலையில், தெலங்கானா ஓராண்டுத் தடையை அறிவித்தது. 2025 ஏப்ரல் 8 முதல் தமிழகமும் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

இந்தத் தடைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. சமைக்கப்படாத முட்டையில் சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். எண்ணெய் சேர்த்துக் கடைந்து, சூடு காட்டாமலே பரிமாறப்படும் மயோனைஸில் அவை அழிவதற்கு உத்தரவாதம் இல்லை. குளிர்பதனம் இல்லாமல் மணிக்கணக்கில் வைக்கப்படும்போது பல்கிப் பெருகவும் செய்கின்றன. இந்த வாதத்தில் பிழை ஏதும் இல்லை. ஆபத்து என்று தெரிந்த பண்டத்தைத் தடுப்பது அரசின் கடமை. அந்த வகையில் மூன்று அரசுகளும் செய்தது சரியே.

ஆனால், கிருமி மயோனைஸில் பிறக்கவில்லை. தள்ளுவண்டிக்காரரின் பாத்திரத்துக்கு அது முட்டையோடு வந்திருக்குமானால், அந்த முட்டை ஒரு கடையிலிருந்து வந்தது. கடைக்கு ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது. அவருக்கு ஏதோ ஒரு பண்ணையிலிருந்து வந்தது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத் தண்டிக்கும் சட்டம், முதல் கண்ணியின் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. காரணம் அதிகாரிகளின் அலட்சியம் மட்டுமல்ல. பண்ணைக்குள் நுழையக் கூடாது என்று சட்டமே தனக்குத் தானே வேலி போட்டுக்கொண்டிருக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று ஊர்ப்புறங்களில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கிருமி நுழையும் இரு வழிகள்

முட்டைக்குள் சால்மோனெல்லா நுழைவதற்கு வழிகள் இரண்டு. முதல் வழி, வெளியிலிருந்து உள்ளே. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. இட்டவுடன் கோழியின் உடற்சூட்டோடு இருக்கும் முட்டை, வெளிக்காற்றில் குளிரும்போது உள்ளே இருப்பது சற்றுச் சுருங்குகிறது. அப்போது ஓட்டின் மேல் எச்சமோ அழுக்கோ ஈரமோ இருந்தால், அதிலுள்ள கிருமிகள் துளைகள் வழியே உள்ளே இழுக்கப்படக்கூடும். இதைத் தடுக்கவே இயற்கை, ஓட்டின் மீது மெல்லிய படலம் ஒன்றைப் பூசி அனுப்புகிறது. முட்டையை வாங்கி வந்ததும் கழுவி அடுக்கி வைக்கும் வழக்கம், அந்தக் காப்புப் படலத்தை நீக்கிவிடுகிறது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. சால்மோனெல்லா என்ட்டரைட்டிடிஸ் என்ற வகை, கோழியின் சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடிகொள்ளும் திறன் பெற்றது. ஓடு உருவாவதற்கு முன்பே அது முட்டைக்குள் இடம் பிடித்துவிடுகிறது. ஓடு தூய்மையாக இருக்கும்; விரிசல் இருக்காது; மணமும் நிறமும் மாறியிருக்காது. வாங்குபவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும், தண்ணீரில் போட்டுப் பார்த்தாலும் எதுவும் தெரியாது.

இந்தக் கிருமியின் இன்னொரு குணம்தான் பிரச்சினையின் மையம். வளர்ந்த கோழியை இது பெரும்பாலும் நோயாளி ஆக்குவதில்லை. சால்மோனெல்லா குடும்பத்தையே சேர்ந்த கோழி டைஃபாய்டு, பண்ணையில் நுழைந்தால் கோழிகளைக் கொன்று குவிக்கும். பண்ணையாளர் பதறி மருத்துவரை அழைப்பார். என்ட்டரைட்டிடிஸ் தொற்றிய கோழியோ நன்றாகத் தீவனம் தின்னும், வழக்கம்போல் முட்டையிடும். பண்ணைக் கணக்கில் நஷ்டம் எதுவும் தென்படாது. நோய் எங்கோ தொலைவில், அந்த முட்டையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டவருக்கு வயிற்றுப்போக்காகவும் காய்ச்சலாகவும் வெளிப்படும். இழப்பு ஓரிடத்தில், காரணம் வேறிடத்தில். சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்ற வாதம் இங்கே எடுபடாததற்கு இதுவே காரணம். சட்டம் தேவைப்படுவதும் இதனால்தான்.

அதற்காக முட்டையைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அமெரிக்காவில் இந்தக் கிருமி பரவலாக இருந்த காலத்தை ஒட்டிய ஒரு மதிப்பீட்டின்படி, சராசரியாக 20,000 முட்டைகளில் ஒன்றில்தான் உள்ளே கிருமி இருந்தது. வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவும் கெட்டியாகும் வரை வேகவைத்தால் கிருமி அழிந்துவிடும். வீட்டில் ஒருவர் ஒரு முட்டையை அவித்துச் சாப்பிடுவதில் உள்ள ஆபத்து மிகச் சிறியது. நிலைமை மாறுவது உணவகச் சமையலறையில். அங்கே நூற்றுக்கணக்கான முட்டைகள் ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றப்படுகின்றன. ஆயிரத்தில் ஒன்று கெட்டதாக இருந்தாலும் போதும், அத்தனையும் கெட்டுவிடும். அதைச் சூடுபடுத்தாமல் மயோனைஸாக்கி, வெயிலில் வைத்து, நாள் முழுவதும் பரிமாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் ஹைதராபாத் நிகழ்வு எச்சரித்தது.

பண்ணை வாசலில் நிற்கும் சட்டம்

1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் உள்ளிட்ட பழைய ஏற்பாடுகளுக்கு மாற்றாக, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2008-இல் ஆணையம் அமைக்கப்பட்டது. 2011 ஆகஸ்ட் 5 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. கலப்படத்தைத் தேடிப் பிடிக்கும் காலம் போய், உணவு உற்பத்தியாகும் இடத்திலிருந்து உண்ணும் தட்டு வரை பாதுகாப்பை உறுதிசெய்யும் காலம் வந்துவிட்டது என்று அப்போது பேசப்பட்டது.

நடந்தது வேறு. அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவு, சட்டத்தின் வகைமுறைகள் விவசாயிக்கும் மீனவருக்கும் பொருந்தா என்கிறது. வேளாண் செயல்பாடுகள், பயிர்கள், கால்நடைகள், நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆகியவையும் விலக்கப்பட்டுள்ளன. ‘உணவு’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலிருந்து கால்நடைத் தீவனமும் நீக்கப்பட்டிருக்கிறது. உற்பத்தியாளரின் கையில் இருக்கும்வரை விளைபொருள் ‘முதன்மை உணவு’ ஆகாது. அவர் கையைவிட்டு வேறொருவர் கைக்கு வந்த பிறகே அது சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது.

இந்த விலக்கின் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு ஏக்கர் நிலத்தில் கத்தரி பயிரிடும் விவசாயியையும், கட்டுமரத்தில் கடலுக்குப் போகும் மீனவரையும் உரிமம், அபராதம், ஆய்வாளர் என்ற வலைக்குள் சிக்கவைக்கக் கூடாது என்ற கருணையே அதன் அடிப்படை. கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கும் மூதாட்டிக்கும் அந்தக் கருணை உரியது. ஆனால், அடுக்கடுக்கான கூண்டுகளில் லட்சக்கணக்கான கோழிகளை வளர்த்து, நாள்தோறும் லாரி லாரியாக முட்டை அனுப்பும் நிறுவனமும் அதே பட்டியலில் ஒளிந்துகொள்வதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இந்தியா உலகில் முட்டை உற்பத்தியில் இரண்டாவது இடத்தில் உள்ள நாடு. மத்திய அரசின் கால்நடைப் புள்ளிவிவரப்படி 2023-24-இல் நாட்டின் உற்பத்தி 14,277 கோடி முட்டைகள். தலைக்கு ஆண்டுக்கு 103. ஆந்திரப் பிரதேசமும் தமிழகமும் தெலங்கானாவும் முதல் மூன்று இடங்களில் இருந்து, மொத்த உற்பத்தியில் பாதியை நெருங்கும் பங்கைத் தருகின்றன. இது இனி குடிசைத் தொழில் அல்ல, பெருந்தொழில். பெருந்தொழிலின் வருவாயும் பெருமையும் வேண்டும், பொறுப்பு மட்டும் வேண்டாம் என்பது ஏற்கத்தக்கதல்ல.

அதிகாரப் பகிர்வும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கோழி வளர்ப்பு, மத்திய அளவில் மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் பொறுப்பு. அரசமைப்புச் சட்டத்தின்படி கால்நடை பராமரிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உணவுக் கலப்படத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. கோழியின் வயிற்றில் இருக்கும்வரை கிருமி ஒரு துறைக்குச் சொந்தம். முட்டை விற்பனைக்கு வந்ததும் இன்னொரு துறைக்குச் சொந்தம். இடையில் நடப்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், தில்லியில் ஒரு பவன் இன்னொரு பவனைக் கைகாட்டும்.

பண்ணையிலிருந்து தள்ளுவண்டி வரை

தலைநகர் தில்லி தனக்குத் தேவையான முட்டையைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் நகரம் அல்ல. பஞ்ச்குலா மாவட்டத்தின் பர்வாலா உள்ளிட்ட ஹரியாணா பண்ணைகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் அங்கே முட்டை வருகிறது. குளிர்காலத்தில் தெருவுக்குத் தெரு அவித்த முட்டையும் ரொட்டி ஆம்லெட்டும் விற்கும் வண்டிகள் முளைக்கின்றன. கோடையிலும், வட இந்தியர் பலர் புலால் தவிர்க்கும் சாவன் மாதத்திலும், நவராத்திரி நாட்களிலும் விற்பனை சரிகிறது. மக்கள் உண்பதைக் குறைத்தாலும் கோழிகள் முட்டையிடுவதைக் குறைப்பதில்லை. தேங்கும் சரக்கு குளிர்பதனக் கிடங்குகளுக்குச் செல்கிறது.

குளிர்பதனம் நல்லதுதான். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் சால்மோனெல்லாவின் பெருக்கம் ஏறத்தாழ நின்றுவிடும். ஆனால், குளிர்ச் சங்கிலி இடையில் அறுந்தால் நன்மையே தீமையாகிறது. கிடங்கிலிருந்து வெளியே எடுத்த முட்டை, வெப்பக் காற்று பட்டதும் வியர்க்கிறது. ஓட்டின் மேல் படியும் அந்த ஈரத்தில், மேலே ஒட்டியிருக்கும் கிருமி உள்ளே இறங்க வழி பிறக்கிறது. புதிய முட்டையின் வெள்ளைக் கருவுக்குக் கிருமியை அடக்கும் இயல்பு உண்டு. நாள் ஆக ஆக, வெப்பம் ஏற ஏற, மஞ்சள் கருவைச் சூழ்ந்த சவ்வு தளர்கிறது. சத்து வெளியே கசிகிறது. கிருமிக்கு விருந்து கிடைக்கிறது. தில்லியின் ஜூன் மாத வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில், திறந்த லாரியிலும் கடை வாசலிலும் அடுக்கி வைக்கப்படும் முட்டைக்கு என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அட்டையில் வரும் முட்டைகளில் பெரும்பாலானவற்றில் இட்ட நாள் இல்லை. பண்ணையின் அடையாளமும் இல்லை. அந்த அட்டைகளோ எச்சமும் உடைந்த முட்டையின் கறையும் படிந்த நிலையிலேயே கடைக்கும் பண்ணைக்கும் இடையே திரும்பத் திரும்பப் பயணம் செய்கின்றன. இது வெறும் ஐயம் அல்ல. கோயம்புத்தூரின் சில்லறைச் சந்தைகளில் மேற்கொள்ளப்பட்டு 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதித்த முட்டைகளில் 7.7 சதவீதத்தில் சால்மோனெல்லாவைக் கண்டது. அவற்றில் பெரும்பகுதி ஓட்டின் மேல், 1.8 சதவீத முட்டைகளில் கருவுக்குள். முட்டை அட்டைகளிலும் ஏறத்தாழ அதே அளவில் கிருமி இருந்தது. ஒரு நகரத்தின் ஆய்வை நாடு முழுமைக்கும் பொருத்திவிட முடியாதுதான். ஆனால், 14,277 கோடி முட்டை உற்பத்தியாகும் நாட்டில் இத்தகைய ஆய்வை ஆண்டுதோறும் எல்லா மாநிலங்களிலும் நடத்தி, முடிவை மக்கள் முன் வைக்க வேண்டியது அரசே அல்லவா?

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கிடைத்த கிருமிகள் பலவகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்க மறுத்தன. சுகாதாரக் குறைவை மருந்தால் ஈடுகட்டும் பண்ணை வழக்கத்தின் விளைவு இது. மனிதர்களுக்குக் கடைசி அஸ்திரமாகப் பயன்படும் கொலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. அதற்கு முன்பே, 2017 ஜூலையில் மத்திய சட்ட ஆணையம் தனது 269-ஆவது அறிக்கையில், நோய் இல்லாத கோழிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கத்தைச் சாடியிருந்தது. முட்டைக் கோழிகளின் வளர்ப்பு முறைக்கு வரைவு விதிகளையும் அளித்திருந்தது. பண்ணைக்குள் நடப்பது பொதுச் சுகாதாரத்தின் கவலை என்பதை அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு இவையே சான்று. அந்த ஏற்பு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் மட்டும் இன்னும் நுழையவில்லை.

பிற நாடுகள் கற்ற பாடம்

பிரிட்டனில் 1988 டிசம்பரில், அப்போதைய சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கரி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மோனெல்லா தொற்றியுள்ளது என்று வெளிப்படையாகச் சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது. பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தனர். இரண்டே வாரங்களில் அவர் பதவி விலக நேர்ந்தது. அவர் மிகைப்படுத்தியிருக்கலாம்; ஆனால், பிரச்சினை பொய்யல்ல.

அமைச்சர் போனார், பிரச்சினை போகவில்லை. இறுதியில் 1998-இல் பிரிட்டன் முட்டைத் தொழில்துறையே முன்வந்து சிங்க முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. கோழிகளுக்கு சால்மோனெல்லா தடுப்பூசி, பண்ணைகளில் தொடர் பரிசோதனை, ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் தேதியும் பண்ணைக் குறியீடும் என்பன அதன் நிபந்தனைகள். இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் பலன் கிடைத்தது. 2017 அக்டோபரில் அந்நாட்டு உணவுத் தர முகமை தனது பழைய அறிவுரையைத் திருத்தியது. சிங்க முத்திரை பெற்ற முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் அரைவேக்காடாகக்கூட உண்ணலாம் என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் சால்மோனெல்லா தொற்றிய கோழிக் கூட்டத்தின் முட்டைகளைக் கடைகளில் நேரடியாக விற்பதற்கு 2009 முதல் தடை விதித்தது. முட்டையைத் தடைசெய்தல்ல, பண்ணையைச் சீர்செய்தே இந்நாடுகள் வென்றன.

அமெரிக்காவின் அனுபவம் வேறு கோணத்தில் பாடம் புகட்டுகிறது. 2010-இல் அயோவா மாநிலத்தின் இரு பண்ணை நிறுவனங்களிலிருந்து சென்ற 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. ஏறத்தாழ 1,900 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. பெரும் பண்ணைகளுக்கான புதிய முட்டைப் பாதுகாப்பு விதி அந்த ஜூலையில்தான் அமலுக்கு வந்திருந்தது. வளர்ந்த நாட்டிலும் இது நேரும் என்பது ஒருபுறம். மறுபுறம், நோயாளியிடம் தொடங்கி, உணவகம், வியாபாரி என்று பின்னோக்கிச் சென்று, குறிப்பிட்ட பண்ணையின் வாசலில் போய் நிற்க அந்நாட்டால் முடிந்தது. 2015-இல் ஒரு நிறுவனத்தின் உரிமையாளருக்கும் அவருடைய மகனுக்கும் தலா மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஹைதராபாதில் தள்ளுவண்டியோடு நின்றுவிடும் விசாரணை, அங்கே பண்ணை முதலாளி வரை சென்றது.

இந்தியாவால் முடியாததல்ல இது. முட்டைத் தூள், பதப்படுத்திய முட்டைக் கூழ் போன்றவற்றை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால், வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள ஏற்றுமதி ஆய்வுக் குழுமத்தின் கட்டாயச் சான்று தேவை. ஜப்பானியரும் ஐரோப்பியரும் உண்ணும் இந்திய முட்டைப் பொருளுக்குக் கிருமிப் பரிசோதனையும் கண்காணிப்பும் உண்டு. தில்லியிலும் சென்னையிலும் உள்ளவர் உண்ணும் முட்டைக்கு மட்டும் ஏன் அது இல்லை? வெளிநாட்டவர் வயிற்றுக்கு ஒரு நீதி, சொந்த மக்களின் வயிற்றுக்கு ஒரு நீதியா?

முட்டை அரசியல்

தில்லியில் முட்டை பேசப்படாத பொருள் அல்ல. ஆனால், பேசப்படுவதெல்லாம் வேறு. குழந்தைகளின் சத்துணவில் முட்டை இருக்கலாமா கூடாதா என்பதே ஓயாத விவாதம். 2015-இல் மத்தியப் பிரதேச முதல்வராக இருந்த சிவராஜ் சிங் சௌஹான், அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை நிராகரித்தார். 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் பின்தங்கிய மாவட்டங்களில் பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு, பள்ளி உணவில் முட்டைக்கென அளித்துவந்த மாநில நிதியை நிறுத்தியது. இன்னொரு பக்கம், ‘பிளாஸ்டிக் முட்டை’ என்ற வதந்தி பரவி, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே விளக்கம் தர நேர்ந்தது.

நம்பிக்கையின் பெயரால் ஒரு சண்டை. வதந்தியின் பெயரால் ஒரு பீதி. இரண்டுக்கும் நடுவே, உண்மையான கேள்வி காணாமல் போகிறது: முட்டையை உண்ண விரும்புகிற கோடிக்கணக்கானவர்களுக்கு அது பாதுகாப்பாகக் கிடைக்கிறதா? நாடாளுமன்றத்தில் குரல் உயர்த்தி எழுப்பப்பட வேண்டிய கேள்வி இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கிருமி அபாயத்தைக் காரணம் காட்டிச் சத்துணவிலிருந்து முட்டையை நீக்க எவரேனும் முனைந்தால், அது பெரும் அநீதியாகும். பள்ளிச் சமையலறையில் கெட்டியாக அவித்து, சூடு ஆறுவதற்குள் வழங்கப்படும் முட்டை, இருப்பவற்றிலேயே பாதுகாப்பானது. ஏழைக் குழந்தைக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் தரமான புரதம் அது. ஆபத்து, வேகாத முட்டையிலும் அலட்சியமான கையாளலிலும்தான் இருக்கிறது. பண்ணையைச் சீர்திருத்த வேண்டும் என்ற வாதம், குழந்தையின் தட்டைக் காலி செய்வதற்கான சாக்காகிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 18-ஆவது பிரிவின் விலக்கு திருத்தப்பட வேண்டும். சிறு விவசாயிக்கும் கொல்லைப்புறக் கோழி வளர்ப்போருக்கும் உள்ள பாதுகாப்பு அப்படியே தொடரட்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கோழி வளர்க்கும் வணிகப் பண்ணைகளும், அவற்றுக்குத் தீவனம் வழங்கும் ஆலைகளும் சட்டத்தின் வரம்புக்குள் வர வேண்டும்.

இரண்டாவதாக, அத்தகைய பண்ணைகளில் சால்மோனெல்லா தடுப்பூசியும், கோழிக் கூட்டங்களில் குறித்த கால இடைவெளியில் பரிசோதனையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தொற்று கண்டுபிடிக்கப்பட்டால் அந்த முட்டைகளை அழிக்க வேண்டிய தேவையில்லை. சூடுபடுத்திப் பதப்படுத்தும் ஆலைக்குத் திருப்பிவிடலாம். அதனால் ஏற்படும் இழப்பை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்தால் கோழிகளை அழிக்க இழப்பீடு வழங்கும் முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. உண்மையைச் சொல்லும் பண்ணையாளர் தண்டிக்கப்படுவார் என்றால், எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

மூன்றாவதாக, ஓட்டின் மேல் இட்ட நாளும் பண்ணைக் குறியீடும் அச்சிடப்பட வேண்டும். பயன்படுத்திய அட்டைகள் மறுபடி பண்ணைக்குள் நுழைவதற்குத் தடை வேண்டும். உணவகங்கள் மயோனைஸ் போன்றவற்றுக்குப் பதப்படுத்திய முட்டைக் கூழை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நிரந்தர விதியாக்கப்பட வேண்டும். தமிழகமும் தெலங்கானாவும் பயன்படுத்திய 30-ஆவது பிரிவின்படி ஒரு தடையாணைக்கு ஆயுள் ஓராண்டுதான். ஆண்டுதோறும் புதுப்பித்துக் காலம் கடத்துவது தீர்வாகாது.

நான்காவதாக, நோய்க் கண்காணிப்பு. தங்களிடம் வரும் உணவு நச்சு நிகழ்வுகளை மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிடும் அதிகாரத்தை 35-ஆவது பிரிவு ஆணையத்துக்கு அளிக்கிறது. 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமும் இயங்கி வருகிறது. எனினும், திருமண வீட்டிலும் விடுதியிலும் பலர் நோயுற்றார்கள் என்ற செய்தி வருகிற அளவுக்கு, எந்த உணவு, எந்தக் கிருமி, எந்தப் பண்ணை என்ற விடை வருவதில்லை. ஆய்வகங்களின் நிலை அதற்கொரு காரணம். 2017-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, மாதிரிகள் அனுப்பப்பட்ட 72 மாநில ஆய்வகங்களில் 65-க்குத் தேசிய அங்கீகாரம் இல்லை என்று சுட்டிக்காட்டியது. ரசாயனக் கலப்படத்தைக் கண்டறிவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது கிருமிப் பரிசோதனைக்கும் காட்டினால்தான், குற்றவாளியை அடையாளம் காண முடியும்.

இவற்றுக்கெல்லாம் செலவு ஆகும் என்று பண்ணையாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறும்போதும், முட்டை விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும்போதும் முதலில் அடிபடுபவர்கள் அவர்களே. பண்ணையாளரை எதிரியாகப் பார்க்கும் சட்டம் வெற்றி பெறாது. ஆனால், ஒரு முட்டைக்குச் சில காசுகள் கூடுவதற்குத் தயங்கி, ஒட்டுமொத்தத் தொழிலின் நம்பகத்தன்மையையே பணயம் வைப்பது அவர்களுக்கும் நல்லதல்ல. பிரிட்டனில் 1988-இல் விற்பனை சரிந்தபோது சேதமடைந்தவர்கள் பண்ணையாளர்கள். சிங்க முத்திரைக்குப் பிறகு ஆதாயம் பெற்றவர்களும் அவர்களே.

தடை விதிப்பது எளிது. தள்ளுவண்டியைப் பறிமுதல் செய்வது அதைவிட எளிது. அதன் உரிமையாளருக்கு வழக்குரைஞர் இல்லை, சங்கம் இல்லை, தில்லியில் பேச ஆள் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயனில்லை. அடுத்த உயிர் போவதற்கு முன் 18-ஆவது பிரிவைத் திருத்துவதற்கான மசோதாவை மத்திய அரசு கொண்டுவர வேண்டும். முட்டை உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் தென் மாநிலங்களின் உறுப்பினர்கள், கட்சி வேறுபாடு பாராமல் அதை வலியுறுத்த வேண்டும். பாதுகாப்பு தொடங்க வேண்டிய இடம் கோழிக் கூண்டு. உணவுத் தட்டு அல்ல.